மார்ஃபின் கேட்கும் கணக்கு

எங்கள் வலி தணிப்புப் பிரிவின் மருந்து அலமாரிச் சாவி பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. கடும் வலியைத் தணிக்கும் அபின் வகை மருந்தான மார்ஃபின் ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுக் கேட்பதும் என் வேலை. முதல் ஆண்டு நான் செய்த தவறு, அதற்கு முந்தைய ஆண்டு செலவான அளவையே மறுபடியும் கேட்டது. மார்கழியில் அலமாரி காலி. முந்தைய ஆண்டும் பாதி நாள் மருந்தே இல்லை, அதனால்தான் செலவு குறைவு என்பதை நான் யோசிக்கவில்லை.

செலவை எண்ணாதீர்கள், நோயாளிகளை எண்ணுங்கள். ஒரே நேரத்தில் 20 பேர், ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 மில்லிகிராம் என்றால் ஆண்டுக்கு 438 கிராம், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரைகள் 43,800. இடையில் குத்தும் வலிக்கான கூடுதல் வேளைகளையும் சேருங்கள்.

அதற்கு முன், இம்மருந்தை வைத்திருக்க உங்கள் மருத்துவ நிறுவனத்துக்கு அங்கீகாரம் வேண்டும். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பின் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்தால் போதும். வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும். பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். (மறுநாள் எழுதலாம் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.)

குறைத்துக் கேட்பதை நல்லொழுக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1961 சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை மதிப்பிட்டு வியன்னாவில் உள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறது. அடித்தட்டில் எல்லோரும் கூச்சப்பட்டுக் கேட்டால், நாட்டின் தேவையே சிறியதாகத் தெரியும். வலி தீர்க்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று அந்த உடன்படிக்கையின் முகவுரையே சொல்கிறது. ஆண்டின் நடுவில் தேவை கூடினால் துணை மதிப்பீடு அனுப்பவும் நாடுகளுக்கு அதில் வழி இருக்கிறது. ஆகவே அலமாரி காலியாகும்வரை காத்திருக்காமல், இரண்டு மாத இருப்பு மிஞ்சும்போதே கூடுதல் மருந்து கேட்டு அடுத்த கடிதத்தை எழுதிவிடுங்கள்.