ட்ரெமோலோவில் இருந்த தள்ளாட்டம் போனது

கிளாசிக்கல் கிட்டாரில் ட்ரெமோலோ என்றால், கட்டைவிரல் ஒரு பாஸ் (தாழ்ந்த ஒலி) சுரம் மீட்ட, மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் அடுத்தடுத்து ஒரே கம்பியை மீட்டும். நான்கும் சம இடைவெளியில் விழுந்தால்தான் மெட்டு அறாமல் நீளும். எனக்கு மூன்று விரல்களும் முந்திக்கொண்டு ஓடிவிடும்; கட்டைவிரலுக்கு முன் ஒரு பள்ளம் கேட்கும்.

மெதுவாக வாசித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அது மட்டும் போதவில்லை. மெதுவாக வாசிக்கையில் சீராக இருக்கும், வேகம் ஏறியதும் பழைய கதைதான்.

மாற்றம் வந்தது சுரங்களை நீளவிடாமல் வெட்டி வாசித்தபோது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில், ஒரு தட்டுக்கு ஒரு சுரம். ஒரு விரல் மீட்டியதுமே, அடுத்து மீட்டவேண்டிய விரல் கம்பியில் போய் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். மோதிரவிரல் மீட்டியவுடன் நடுவிரல் வந்து அந்த ஒலியை அடக்கிவிடும். தாளம் மெதுவாக இருந்தாலும், விரல் கம்பியை அடையும் அசைவு மட்டும் மின்னலாக நடக்கிறது. வேக வாசிப்புக்கு வேண்டியது அந்த அசைவுதானே!

அழுத்தத்தை ஒவ்வொரு சுற்றிலும் வேறு விரலுக்கு மாற்றியும் வாசித்தேன். நடுவிரல்தான் பலவீனம் என்று அப்போதுதான் புலப்பட்டது. பிறகு இரண்டாம் கம்பியில் பயிற்சி. இருபுறமும் கம்பிகள் இருப்பதால் விரல் அகலமாக வீச இடமே இல்லை, அசைவு தானாகச் சிறுத்துவிடும்.

நகங்களையும் கவனியுங்கள். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் அது கம்பியில் சிக்கித் தாமதிக்கும். மெல்லிய உப்புத்தாளால் விளிம்பை வழவழப்பாகத் தேய்த்த பிறகே மீட்டத் தொடங்குகிறேன்.