செல்வத்தின்மேல் நம்பிக்கை: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்று பிரசங்கங்களில்கூடச் சொல்லிவிடுகிறார்கள். 1 தீமோத்தேயு 6:10-ல் பவுல் சொல்வது பண ஆசையை. அதே அதிகாரத்தின் 17, 18 வசனங்களில், ஐசுவரியமுள்ளவர்கள் சொத்தை விட்டெறிய வேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. நிலையற்ற ஐசுவரியத்தை நம்பாமல் ஜீவனுள்ள தேவனை நம்பவும், தாராளமாய்க் கொடுக்கவும் சொல்கிறார்.

இதைவிட ஆபத்தான தவறு, இந்த எச்சரிப்பு பணக்காரர்களுக்குத்தான் என்று ஒதுங்கிக்கொள்வது. லூக்கா 12-ஐ 13-ஆம் வசனத்திலிருந்து 34 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் தொடங்கி, ஐசுவரியவானின் உவமை வருகிறது. நிலம் நன்றாக விளைந்தது அவன் குற்றமல்ல. “அநேக வருஷங்களுக்கு” இருக்கிறது என்று தன் ஆத்துமாவுக்கே களஞ்சியத்தைக் காட்டி ஆறுதல் சொன்னானே, அங்கேதான் விழுந்தான். உடனே 22-ஆம் வசனத்தில் இயேசு சீஷர்களைப் பார்த்து, கவலைப்படாதிருங்கள் என்கிறார். களஞ்சியம் நிறைந்தவனும் நாளைய சாப்பாட்டை எண்ணித் தூக்கமிழப்பவனும் பொருள் என்ற ஒரே இடத்தில் நம்பிக்கை வைக்கக்கூடும். கையில் காசில்லை என்பதால் யாரும் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடுவதில்லை.

கொடுத்தால் பலமடங்காகத் திரும்பும் என்று காணிக்கையை முதலீடாக்குவது இன்னொரு தவறு. “நூறத்தனையாக” (நூறு மடங்காக) என்று மாற்கு 10:30-ஐ எடுத்துக் காட்டுவோர், அதன் பக்கத்திலேயே நிற்கும் “துன்பங்களோடேகூட” என்பதை விட்டுவிடுகிறார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிக் கொடுத்தவர்களின் விசுவாசமே நொறுங்கிப்போகிறது. இது வேதனையான காரியம்.

சேமிப்பே அவிசுவாசம் என்பதும் தவறு. பஞ்சத்துக்கு முன் ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்னவன் யோசேப்பு (ஆதியாகமம் 41). சேமிப்பு கரைந்தால் தேவனும் கைவிட்டார் என்று மனம் சொல்லுமானால், அங்கேதான் நம்பிக்கை இடம் மாறியிருக்கிறது. பேதுரு காட்டும் நம்பிக்கை இயேசுவின் உயிர்த்தெழுதலில் வேரூன்றியது; அது தரும் சுதந்தரம் (உரிமைப் பங்கு) வாடாதது (1 பேதுரு 1:3, 4).

எல்லாரிடமும் ஒரே அளவை எதிர்பார்ப்பதும் வேண்டாம். மாற்கு 10-ல் வரும் ஐசுவரியவானிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, பாதியைக் கொடுக்க முன்வந்த ஆயக்காரன் சகேயுவின் (லூக்கா 19) வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். எவ்வளவு என்று தெரியாதவர்கள் 1 கொரிந்தியர் 16:2-லிருந்து தொடங்கலாம்: வாரத்தின் முதல்நாளில், வரவுக்குத் தக்கதாக ஒரு பங்கை எடுத்துவைப்பது.