கிராமத்துக் கொலைக்கதை: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து இங்கிலாந்தில், அமைதியான ஒரு கிராமத்தைக் களமாக வைத்துத் துப்பறியும் கதை எழுத முற்படுவோர் பலர், தேவாலயம், பாதிரியார் இல்லம், அஞ்சலகம், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, கிராமத்தை நாடகத்தின் பின்திரையைப் போல வெறுமனே தொங்கவிட்டுவிடுகிறார்கள். மற்றப் பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. சிற்றூரில் ஒருவர் நடமாட்டம் மற்றவர் கண்ணில் படாமல் போவது அரிது என்பதால், கொலையாளி பட்டப்பகலில் வீதியைக் கடந்தும் யாரும் பார்க்கவில்லை என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். பலர் பார்த்தார்கள், ஆனால் அன்றாடம் காணும் காட்சி என்பதால் ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்று அமைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அக்காலத்தில் பல கிராமங்களில் தொலைபேசி அழைப்புகளை ஒருவர் கையால்தான் இணைத்துக் கொடுத்தார். அவரை மறந்துவிட்டு இரகசிய அழைப்புகளை எழுதுவோர் நல்லதொரு சாட்சியைத் தாமே தொலைத்துவிடுகிறார்கள்.

நஞ்சு விஷயத்தில் கவனக்குறைவு இன்னும் அதிகம். கடைக்குப் போய் ஆர்சனிக் வாங்கி வந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. 1851ஆம் ஆண்டுச் சட்டப்படியே, அதை விற்பவர் விற்பனையைப் பதிவேட்டில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தைப் பெற வேண்டியிருந்தது. வாங்குபவர் அறிமுகமற்றவர் என்றால், இருவருக்கும் தெரிந்த சாட்சி ஒருவரும் தேவைப்பட்டார். ஆர்சனிக் தரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சாதாரண வயிற்று நோயைப் போலவே தோன்றும் என்பதால், மருத்துவர் ஏமாறுவது இயல்பே. ஆனால் சயனைடின் வாதுமை வாசனையை அறைக்குள் நுழைந்த எல்லோரும் உணர்ந்ததாக எழுதுவது பிழை. அதை முகரும் திறன் பிறவியிலேயே பலருக்கு இல்லை.

உடல் விறைத்திருப்பதைப் பார்த்தவுடன் "இறந்தது 9.40க்கு" என்று மருத்துவர் அறிவிப்பதும் வேண்டாம். விறைப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முழுமையடையும். குளிரும் வெப்பமும் அந்தக் கணக்கை மாற்றிவிடும்.

குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்ட வேண்டும், இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் விதித்த பத்து விதிகளில் சிலவற்றை மீறியும் நல்ல கதை எழுதலாம். முதல் விதியை மட்டும் மீறத் துணிய வேண்டாம் என்பேன். நடுப்பகுதி தொய்வதால் சேர்க்கப்படும் இரண்டாவது கொலையும் பெரும்பாலும் சோம்பலின் அடையாளமே.

கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் வரவேற்பறையில் கூட்டி வைக்கலாம், தவறில்லை. ஆனால் துப்பறிபவர் பேசி முடித்ததும் கொலையாளி தானாகவே குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, மூன்றாம் அத்தியாயத்தில் வாசகரும் பார்த்துவிட்டுக் கடந்துபோன அந்த நஞ்சுப் பதிவேட்டின் கையெழுத்து அங்கே மேசைமேல் விரிந்து கிடக்கட்டும்.