டொமைன்களை இணைக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப் உரிமங்களை என்ன செய்வது?

இரண்டு டொமைன்களை (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள யூசர்கள், கணினிகளின் தொகுப்புகளை) ஒன்றாக்கும் திட்டத்தில் யூசர் கணக்கு, கோப்புப் பகிர்வு, மெயில் எல்லாம் இருக்கும். தொலைவிலிருந்து சர்வரில் நுழைந்து வேலை செய்யத் தேவையான ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் மட்டும் விடுபட்டுப் போகும். பிறகு ஒரு காலையில், உரிமம் தர உரிம சர்வர் (உரிமங்களை வைத்திருந்து வழங்கும் சர்வர்) எதுவும் இல்லை என்ற செய்தி வந்து யாருமே உள்ளே நுழைய முடியாது. உரிமம் போய்விட்டது என்று பயந்து புதிதாக வாங்க வேண்டாம். வாங்கிய உரிமங்கள் உரிம சர்வரின் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. எந்த உரிம சர்வரிடம் கேட்க வேண்டும் என்று செஷன் ஹோஸ்டுக்கு (யூசர்கள் நுழைந்து வேலை செய்யும் சர்வருக்கு) சொல்லிக்கொண்டிருந்தது பழைய டொமைனின் குரூப் பாலிசி, அதாவது டொமைன் தன் கணினிகளுக்கு அனுப்பும் அமைப்புகள். ஹோஸ்ட் டொமைன் மாறியதும் அந்த பாலிசி விலகிவிடுகிறது. உரிம சர்வர் இல்லாமலே ஓட விடும் 120 நாள் சலுகைக் காலம் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. ஹோஸ்ட் ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்குப் பயன்படத் தொடங்கியபோதே தொடங்கிய கணக்கு அது. பழைய சர்வரில் எப்போதோ முடிந்திருக்கும்.

முதலில் கணக்கெடுங்கள். இரு டொமைன்களிலும் உரிம சர்வரின் நிர்வாகக் கருவியான லைசென்ஸிங் மேனேஜரைத் திறந்து, ஒவ்வொரு உரிமத் தொகுப்பின் பதிப்பு, வகை, எண்ணிக்கை, ஒப்பந்த எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பின் உரிமம் 2016 ஹோஸ்டுக்குச் செல்லும். 2016 உரிமம் 2019 ஹோஸ்டுக்குச் செல்லாது. 2019 உரிமத்தை 2016 உரிம சர்வரில் ஏற்றவும் முடியாது. ஆகவே மிஞ்சப்போகும் உரிம சர்வர், உங்களிடம் உள்ள மிகப் புதிய ஹோஸ்டின் பதிப்பிலாவது இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன என்றால், உரிமம் யார் பெயரில் உள்ளது என்பதையும் விற்பனையாளரிடம் இப்போதே பேசி, பெயர் மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள்.

உரிமம் கணினிக்கு (டிவைஸ்), ஆளுக்கு (யூசர்) என இரு வகை. வகையைப் பொறுத்துச் சிக்கல் மாறும். டிவைஸ் உரிமம் கிளையன்ட் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் தங்குகிறது. கணினி டொமைன் மாறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாற்றும் சாக்கில் கணினிகளை ஃபார்மட் செய்தால், ஒவ்வொன்றும் புதுக் கருவியாக வந்து இன்னோர் உரிமம் கேட்கும். பழையது 52 முதல் 89 நாட்களுக்குள் காலாவதியாகும்வரை முடங்கிக் கிடக்கும். கையால் திரும்பப் பெறலாம்தான், ஆனால் ஒரு பதிப்பின் மொத்தத்தில் 20 சதவீதம்வரை மட்டுமே. 100 கணினிகளை ஒரே வாரத்தில் ஃபார்மட் செய்தால் உரிமம் தட்டுப்படலாம். பிரித்துச் செய்யுங்கள்.

யூசர் உரிமம், டொமைனின் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், அந்த யூசர் கணக்கின் மீதே பதிவாகிறது. புது டொமைனில் புதுக் கணக்கு என்றால் புதுப் பதிவு. இடைக்காலத்தில் ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படலாம். எண்ணிக்கை மீறினாலும் சர்வர் தடுக்காது. ஆனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் யூசர் உரிம அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரு டொமைன்களும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு இருவழி டிரஸ்ட் (ஒரு டொமைன் மற்றதன் கணக்குகளை ஏற்கும் ஏற்பாடு) தேவை. உரிம சர்வரின் கணினிக் கணக்கை இரண்டு டொமைன்களிலும் உள்ள 'டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ்' குழுவில் சேர்த்து, அந்த சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை விட்டால் உரிம சர்வரின் ஈவென்ட் லாகில் 4105 வரும்: யூசர் கணக்கில் உரிம விவரத்தை எழுத முடியவில்லை என்று பொருள். குழுவில் சேர்த்த பிறகும் சில பழைய கணக்குகளுக்கு மட்டும் வருகிறதென்றால், அந்தக் கணக்குகளில் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லை. அனுமதிகளைப் பகிர்ந்தளிக்கும் டெலிகேஷன் விசார்ட் வழியாகக் கொடுங்கள். ஃபயர்வாலில் டி.சி.பி. 135, 445, 49152–65535 ஆகியவை ஹோஸ்டிலிருந்து உரிம சர்வருக்குத் திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது பாலிசி. ஹோஸ்டை நகர்த்துவதற்கு முன்பே இது தயாராக இருக்க வேண்டும். புது டொமைனில் ஹோஸ்டுகளுக்கென ஓர் ஓ.யூ. (பாலிசியை இணைக்கக்கூடிய உட்பிரிவு) உருவாக்கி, அதற்கான குரூப் பாலிசியில் செஷன் ஹோஸ்டின் லைசென்ஸிங் பகுதியில் இரண்டு அமைப்புகளை இடுங்கள்: உரிம சர்வரின் முழு டி.என்.எஸ். பெயர், உரிம வகை. வகை நீங்கள் வாங்கியதோடு பொருந்த வேண்டும். டிவைஸ் உரிமத்தை வைத்துக்கொண்டு யூசர் என்று அமைத்தால் ஒன்றும் கிடைக்காது. ஹோஸ்டின் கணினிக் கணக்கையும் அந்த ஓ.யூ.வில் முன்கூட்டியே உருவாக்குங்கள். இல்லாவிட்டால் அது 'கம்ப்யூட்டர்ஸ்' கன்டெய்னரில் போய் விழும். அங்கே பாலிசியை இணைக்கவே முடியாது. பாலிசி சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் தேட வைப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரே ஒரு ஹோஸ்டை முதலில் மாற்றுங்கள். கனெக்‌ஷன் புரோக்கர் (யூசர்களை ஹோஸ்டுகளுக்குப் பிரித்து அனுப்பும் சர்வர்) உள்ள அமைப்பை டொமைன் மாற்றிப் பிழைக்க வைக்க முயல்வதைவிட, புது டொமைனில் ஹோஸ்டுகளின் தொகுப்பான கலெக்‌ஷனைப் புதிதாகக் கட்டுவது மேல். மாற்றியதும் ஹோஸ்டின் உரிம நிலையைக் காட்டும் லைசென்ஸிங் டயக்னோசரைத் திறந்து, உரிம சர்வரின் பெயரும், பூஜ்யத்துக்கு மேற்பட்ட உரிம எண்ணிக்கையும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு சாதாரண யூசராக நுழைந்து சோதியுங்கள். அட்மின் முறையில் நுழைந்தால் உரிமச் சோதனையே நடக்காது. வெளியே பூட்டப்பட்டுவிட்டால் மட்டும் அந்த அட்மின் முறை கைகொடுக்கும். சலுகைக் காலத்தின் ரெஜிஸ்ட்ரி சாவியை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: அது உரிம மீறல், காரணமும் அப்படியே இருக்கும்.

எல்லா ஹோஸ்டும் நகர்ந்த பின் புது உரிம சர்வரில் 'மேனேஜ் லைசென்சஸ்' விசார்டைத் திறந்து பழைய சர்வரின் உரிமத் தொகுப்புகளை அதற்கு மாற்றுங்கள். குறித்து வைத்த ஒப்பந்த எண் இங்கேதான் வேண்டும். பழைய சர்வர் அப்போது நெட்வொர்க்கில் இருப்பது நல்லது. இரண்டு வாரமாவது 4105 வராமல் ஓடட்டும். அதன் பிறகு பழைய உரிம சர்வரைக் குழுக்களிலிருந்து நீக்கி அணையுங்கள். டிரஸ்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள்.