செம்மண்ணில் போரான்: கணக்கு தப்பும் இடங்கள்

செம்மண்ணில் நிலக்கடலை போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வெளியே பருப்பு நன்றாகத் திரண்டிருக்கும். இரண்டாகப் பிளந்தால் நடுவில் குழிந்து பழுப்பேறியிருக்கும். பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் நுண்சத்தான போரானின் பற்றாக்குறை இது. "செம்மண்ணில் இரும்பு அதிகம், அதுதான் போரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது" என்று உடனே ஒரு காரணமும் சொல்வார்கள். இது பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் உரம் போடுவதுதான் எனக்குக் கவலை.

மண்ணுக்குச் சிவப்பு தருவது ஹெமடைட், மஞ்சள் கலந்த பழுப்பு தருவது கோதைட். இரண்டுமே இரும்பு ஆக்சைடுகள். இவற்றின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) இருக்கின்றன. மண்ணீரில் போரான் இருக்கும் வடிவமான போரிக் அமிலம் அங்கே வந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு, ஆக்சிஜன் வழியாக இரும்போடு நேரடியாகப் பிணைகிறது. நேர்மின், எதிர்மின் ஈர்ப்பு மட்டும்தான் காரணம் என்று நினைப்பது முதல் தவறு.

பெரிய தவறு, மண்ணின் பி.எச். அளவை (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பார்க்காமல் விடுவது. இரும்பு ஆக்சைடு போரானை மிக இறுக்கமாகப் பிடிப்பது பி.எச். 8 முதல் 9 வரை உள்ள இடத்தில். போரிக் அமிலம் பாதிக்குப் பாதி எதிர்மின் சுமையுள்ள போரேட்டாக மாறும் புள்ளி ஏறக்குறைய 9.2. பி.எச். 6-இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட போரேட்டாக இருக்காது. மின்சுமை இல்லாத போரிக் அமிலமாகவே இருக்கும், பிடிப்பும் குறைவு. 9-ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு அயனிகள் போட்டிக்கு வந்துவிடும், பிடிப்பு மறுபடி குறையும். அப்படியென்றால் பி.எச். 5.5 உள்ள மணல் கலந்த செம்மண்ணில் போரானை இரும்பு ஒளித்து வைக்கவில்லை, மழைதான் கழுவிக்கொண்டு போகிறது. அங்கே போரான் உரமான வெண்காரம் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டுவது வீண். பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் சுண்ணாம்பு. புளித்த மண்ணுக்கு அது தேவைதான். ஆனால் அளவுக்கு மீறினால் பி.எச். ஏறி, ஆக்சைடுகளின் பிடி இறுகும். கரைந்திருந்த அலுமினியமும் புது ஹைட்ராக்சைடாகப் படிந்து தன் பங்குக்குப் போரானைப் பிடிக்கும். நேற்றுவரை போதுமாக இருந்தது இன்று போதாமல் போகும்.

மண்ணில் மொத்த இரும்பு எவ்வளவு என்பதை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. நன்கு படிகமான ஹெமடைட்டின் பரப்பு சிறியது. சரியாகப் படிகமாகாத இன்னொரு இரும்பு ஆக்சைடான ஃபெரிஹைட்ரைட்டில் ஒரு கிராமுக்கே நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு உண்டு. எடைக்கு எடை பார்த்தால் அலுமினிய ஆக்சைடு பெரும்பாலும் இரும்பைவிட அதிகம் பிடிக்கும். களிமண்ணுக்கும் மண்ணில் மக்கிய பொருளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒட்டிய போரான் தொலைந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். வேர் உறிஞ்ச உறிஞ்ச அதில் பெரும்பகுதி கரைசலுக்குத் திரும்பும். தொலைந்ததாக எண்ணி ஒவ்வொரு பருவமும் கூட்டிப் போட்டால் நஞ்சாகிவிடும். பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. போடும் அளவைக் கணக்கிட, 10 கிலோ வெண்காரத்தில் போரான் சுமார் 1.1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை இளங்குருத்தில் தெரியும். மிகுதியானால் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது மொத்தப் போரானைக் கேட்காமல், வெந்நீரில் கரையும் போரானைக் கேளுங்கள். கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல பயிர்களுக்குப் பற்றாக்குறை. ஆய்வகத்தில் இருப்பவர்கள் இதற்குச் சாதாரண போரோசிலிகேட் குடுவையை (போரான் கலந்த கண்ணாடி) தொடவே வேண்டாம். அந்தக் கண்ணாடியிலிருந்தே போரான் வெந்நீரில் இறங்கி அளவைக் கூட்டிக் காட்டும்.