பேக் டென்ஷன் ரிலீஸ்: முதலில் கயிற்றில் பழகுங்கள்

வில்லின் நாணைப் பிடித்திழுத்து விடுவிக்கும் கைக்கருவியே ரிலீஸ். அதில் ஹின்ஜ் (கீல்) வகை பேக் டென்ஷன் ரிலீஸை வாங்கியதும் வில்லில் மாட்டாமல், இழுத்துப் பிடித்தால் உங்கள் இழுப்பு நீளத்துக்கு (நாணை முழுதாக இழுக்கும்போது வில்லுக்கும் நாணுக்கும் இடையே வரும் தூரம்) சமமாக வரும்படி முடிந்த கயிற்று வளையத்தை வில் பிடிக்கும் கையில் மாட்டி, மறுமுனையில் ரிலீஸைக் கொளுவிப் பழகுங்கள். இவ்வகையில் விரலால் அழுத்தும் விசை (ட்ரிகர்) கிடையாது. கைப்பிடி சுழலும்போது உள்ளிருக்கும் அரைநிலாத் தகட்டின் விளிம்பிலிருந்து கொக்கி நழுவி நாணை விடுவிக்கிறது என்பதால், பாதி இழுப்பில் ஆள்காட்டி விரல் தளர்ந்தாலே நாண் விடுபட்டு, இழுத்த கை வாயில் வந்து மோதக்கூடும். கயிற்றில் இழுவிசை குறைவாதலால் அந்த ஆபத்து இல்லை. தாடையருகே கை நிலைத்த பிறகு, ஆள்காட்டி விரலிலிருந்த பாரம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் மெல்ல மாற, தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதை நிதானமாக உணரலாம்.

தேர்ந்தெடுக்கும்போது, இழுத்து முடிக்கும்வரை சுழற்சியைக் கட்டுப்படுத்த உதவும் பெருவிரல் முளை உள்ளதையே வாங்கி, தகட்டைத் தாமதமாக விடுபடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். விடுபடுமுன் 'க்ளிக்' ஒலி தரும் தகடு தொடக்கத்தில் கவனத்தைச் சிதறடிக்கும் என்பது என் கருத்து.

குறித்த இழுவிசையில் தானே விடுபடும் வகைக்கு இப்பயிற்சி பொருந்தாது. அதை உங்கள் வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது கை தாங்கும் எடைக்குச் சற்று மேலாகவே அமைக்க வேண்டும், அந்த எடையைக் கயிற்றில் சீராகப் பெற இயலாது.