ஆட்டோ டிரேஸை நம்பாதீர்கள்: வெக்டர் ஓவியம் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெக்டர் மென்பொருளில், அதாவது படத்தைப் புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் பாதைகளாலும் அமைக்கும் மென்பொருளில், வரையக் கற்க வருகிறவர்களின் கோப்புகளைத் திறந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இன்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா என மென்பொருள் எதுவானாலும், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். சேமிக்க மறப்பது, பாதையை மூடாமல் விடுவது, பூட்டிய லேயரில் (படத்தின் அடுக்கில்) வரைய முயன்று தவிப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரண்டு முறை பட்டால் அவை தாமாகவே விலகிவிடும். பணத்தையும் பெயரையும் கெடுக்கிற தவறுகள் வேறு. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது; அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

## மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பது

ஒரு மாதம் இன்க்ஸ்கேப், அடுத்த மாதம் இல்லஸ்ட்ரேட்டர், பிறகு கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலி என்று தாவுகிறவர்களுக்கு எல்லா மெனுவும் தெரிந்திருக்கும். ஒரு கையை விரலோடு வரையச் சொன்னால் திணறுவார்கள். எதில் கற்றாலும், புள்ளி வைத்து வளைவு இழுக்கும் பென் டூலின் இயல்பு ஒன்றுதான். கையில் காசு இல்லையென்றால் இன்க்ஸ்கேப் தாராளமாகப் போதும். 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நேராக எஸ்.வி.ஜி. என்ற பொதுவான வெக்டர் கோப்பு வடிவத்திலேயே சேமிக்கிறது. ஸ்டிக்கர் கடையிலோ ஃபிளெக்ஸ் கடையிலோ வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கோரல்டிராவைப் பழகுங்கள். நம் ஊர்க் கடைகள் பெரும்பாலானவற்றில் கணினியில் இருப்பது அதுதான். எதுவானாலும் ஒன்றைப் பிடித்து, கை பழகும்வரை அதிலேயே இருங்கள்.

## முதல் நாளே பேனா பலகை (கணினியில் வரையும் டேப்லெட்) வாங்குவது

வேண்டாம். பென் டூலுக்கு மவுஸ் போதும்.

## ஆட்டோ டிரேஸில் பொத்தானை அழுத்திவிட்டு வரைந்ததாக நினைப்பது

இல்லஸ்ட்ரேட்டரில் இதன் பெயர் இமேஜ் டிரேஸ். கோரல்டிராவில் பவர்டிரேஸ். இன்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப். காகிதத்தில் வரைந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து உள்ளே போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் வெக்டர் வந்துவிடுகிறது. திரையில் பார்த்தால் அசலைப் போலவே இருக்கிறது. கற்கத் தொடங்கியவருக்கு இதைவிடப் பெரிய ஆசை வார்த்தை கிடையாது.

எங்களிடம் பயின்ற ஓர் இளைஞர் இதில் மாட்டிக்கொண்டார். நல்ல கை அவருக்கு. பென்சில் பிடித்தால் கோடு தானாக ஏறி இறங்கும். ஒரு சேலைக் கடையின் கண்ணாடிக் கதவுக்குத் தங்க நிற வினைலில் மயில் ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கிவிட்டார். மயிலைப் பிரமாதமாக வரைந்தார். பிறகு படம் எடுத்தார், டிரேஸ் செய்தார், ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பினார்.

வினைலை வெட்டும் இயந்திரத்தில் ஒரு சிறு கத்தி, கோப்பில் இருக்கிற பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடும். பாதை வழுக்கலாக இருந்தால் கத்தியும் வழுக்கிக்கொண்டு போகும். இந்த மயிலிலோ கத்தி மயிரிழைக்கு ஒரு முறை நின்று நின்று திரும்பியது. கழுத்து முழுக்கப் பல் பல்லாக வந்தது. தோகைப் பக்கம் போனபோது வினைல் உரிந்து கத்தியோடு சுருட்டிக்கொண்டது. கடைக்காரர் இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெட்டுக்கு ஆகாது. வேறு கோப்பு கொண்டுவா" என்று சொல்லிவிட்டார். வீணான வினைலுக்கு இவர்தான் பணம் கொடுத்தார். மறுநாள் கடை திறப்பு விழா. கதவில் மயில் இல்லை. மீதிப் பணமும் வரவில்லை, அந்தக் கடையிலிருந்து அடுத்த வேலையும் வரவில்லை.

அந்தக் கோப்பை நான் அவுட்லைன் பார்வையில் திறந்து காட்டினேன். நிறங்களை நீக்கி வெறும் பாதைகளை மட்டும் காட்டும் பார்வை அது. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோலோடு ஒய் எழுத்தை அழுத்தினால் வரும். மயிலின் கழுத்து ஒரு பக்கத்துக்கு மூன்று புள்ளிகளில் முடிந்திருக்க வேண்டிய வளைவு. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் எறும்பு மொய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவர் பென்சிலால் போட்ட ஒற்றைக் கோடு எதுவும் அங்கே கோடாக இல்லை. ஒவ்வொன்றும் இடப்புறம் ஒரு விளிம்பு, வலப்புறம் ஒரு விளிம்பு என்று இரண்டு பாதைகளால் சூழப்பட்ட மெல்லிய பட்டையாகியிருந்தது. இயந்திரம் அந்த இரண்டு விளிம்புகளையும் வெட்டியது. அதனால்தான் தோகை உரிந்தது.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்க்ஸ்கேப் டிரேஸ் செய்யப் பயன்படுத்தும் போட்ரேஸ், பீட்டர் செலிங்கர் எழுதிய அருமையான நிரல். அது செய்வது ஒன்றே ஒன்று: கருமை எங்கே முடிகிறது, வெண்மை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த எல்லையில் பாதை போடுவது. மயில் எது, கழுத்து எது, காகிதத்தின் சொரசொரப்பு எது, டியூப்லைட்டின் நிழல் எது என்பது அதற்குத் தெரியாது. கைப்பேசிப் படத்தில் இருக்கிற அழுக்கு அத்தனைக்கும் அது விசுவாசமாகப் புள்ளி வைக்கும்.

"சிம்ப்ளிஃபை செய்தால் புள்ளிகள் குறையுமே" என்று கேட்பார்கள். குறையும். எந்தப் புள்ளி முக்கியம் என்று அதற்கும் தெரியாது. அந்த இளைஞரும் அதைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார். மயிலின் அலகு மழுங்கிக் கிளியின் அலகாகியிருந்தது. கொண்டை இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

எனக்குக் கோபம் பணம் போனதற்காக மட்டும் அல்ல. அவருக்கு வரையத் தெரியும். எந்த இடத்தில் கோடு அழுந்த வேண்டும், எந்த இடத்தில் மெலிய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். வரையத் தெரியாதவர் டிரேஸை நம்பினால் புரிந்துகொள்ளலாம். இவ்வளவு நல்ல கை உள்ளவர் தன் கோட்டைத் தானே தூக்கி எறிந்துவிட்டு, நிழலைச் சுற்றி ஓடிய ஒரு பாதையைத் தன் ஓவியம் என்று அனுப்புவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பென் டூலில் நாம் இழுக்கும் வளைவு எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இந்தத் தவறின் ஆழம் புரியும். பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெஸியே 1960களில் கார் உடல் வடிவமைப்புக்காக இதைக் கொண்டுவந்தார். போட்டி நிறுவனமான சிட்ரோயனில் பால் தெ காஸ்டெல்ஜோ 1959இலேயே இதே கணக்கை எட்டியிருந்தார். நிறுவனம் அதை வெளியே விடாததால் பெயர் பெஸியேவுக்குப் போனது. காரின் நீண்ட வழவழப்பான வளைவை மிகச் சில எண்களில் பிடித்துவைக்க வேண்டும் என்பதுதான் இருவருடைய தேவையும். இரண்டு முனைகள், முனையிலிருந்து இழுத்து வளைவைத் திருப்பும் இரண்டு கைப்பிடிகள்; நான்கு புள்ளிகளில் ஒரு வளைவு முழுவதும் அடங்கிவிடுகிறது. முழு வட்டத்துக்கே நான்கு முனைகள் போதும். கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.552 பங்கு என்று வைத்தால், அசல் வட்டத்திலிருந்து அது விலகுவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்துக்கு நூறு புள்ளி வைப்பதா?

சரியான வழி மெதுவானதுதான். படத்தை அடி லேயரில் போட்டு, பாதி மங்கலாக்கி, பூட்டுங்கள். மேலே புதிய லேயரில் பென் டூலால் வரையுங்கள். வளைவு அதிகபட்சம் மேலேறும் இடம், கீழிறங்கும் இடம், இடமும் வலமும் எட்டும் கடைசி இடம், கூர்முனை: புள்ளி வைக்க வேண்டியவை பெரும்பாலும் இவ்வளவுதான். எழுத்துரு வடிவமைப்பவர்களும் இப்படித்தான் வைக்கிறார்கள். இந்த உச்சி இடங்களில் கைப்பிடி நேர்க்கிடையாகவோ நேர்க்குத்தாகவோ இருக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட், இன்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் பிடித்துக்கொண்டு இழுத்தால் கைப்பிடி கோணம் தவறாமல் நிற்கும். கைப்பிடியின் நீளம் அந்த வளைவுத் துண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். புள்ளியைக் கூட்டத் தோன்றும்போதெல்லாம், முதலில் கைப்பிடியை நீட்டியும் சுருக்கியும் பாருங்கள்.

பயிற்சிக்குச் சிக்குக் கோலத்தைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஓரத்தில் இருக்கிற ஒரு புள்ளியைச் சுற்றிக் கோடு திரும்பும் சுழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த புள்ளிக்கு நடுவழியில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தொடங்குகிறோம். கோலப்புள்ளிக்கு மேலே ஒரு முனை, வெளிப்புறத்தில் ஒரு முனை, கீழே ஒரு முனை, மீண்டும் வெட்டும் இடம். அவ்வளவுதான். வெட்டும் இடத்தில் கோடு 45 பாகைச் சரிவில் போகவேண்டும். அங்கே கைப்பிடி சற்றுத் தவறினாலும் அடுத்த சுழியோடு சேரும் இடம் ஒடிந்து தெரியும். கண்ணுக்கு உடனே உறுத்தும். ஒரு சுழி சரியாக வந்துவிட்டால் அதைப் பிரதியெடுத்துத் திருப்பி வைத்தே கோலத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். நம் வீட்டு வாசலில் பார்த்துப் பழகிய வடிவம் என்பதால், தப்பு எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரேஸே கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து எடுக்கலாம். காய்ந்த தூரிகைத் தீற்றல், மரத்தின் ரேகை போன்ற, ஒழுங்கின்மையே அழகான பரப்புகளுக்கும் பயன்படுத்தலாம். கத்தி ஓடும் வேலைக்கும், நாளைக்குத் திருத்தம் கேட்டு வரக்கூடிய சின்னங்களுக்கும் கூடாது.

## கோட்டின் தடிமன்

பெரிய அளவில் வரைந்த சின்னத்தை விசிட்டிங் கார்டுக்குச் சுருக்கும்போது வடிவம் சுருங்கிக் கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். கண், மூக்கு எல்லாம் அடைத்துக்கொள்ளும். அளவு மாறும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து மாறவேண்டும் என்ற தெரிவு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பாருங்கள்.

## லேயர்களுக்குப் பெயர்

வையுங்கள்.

## நிழல், மினுமினுப்பு, மங்கல்

எல்லாம் கடைசியில். முதலில் படம் கறுப்பு வெள்ளையில் நிற்கட்டும்.

## தமிழ் எழுத்தை அப்படியே அனுப்புவது

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மணமக்களின் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கூட்டமாகத் தெரியும். யூனிகோடில் வேறு சிக்கல். 'கொ' என்று தட்டினால் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் போய் உட்கார வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தெரிவை எழுத்து அமைப்புகளில் இயக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் கலைந்து நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அச்சடித்தால் அது அப்படியே வெளியே வந்துவிடும்.

ஆகவே அனுப்பும் கோப்பில் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் இருந்த கோப்பைத் தனியாக வைத்திருங்கள். வளைவாகிவிட்ட எழுத்தில் ஒரு ஒற்று விடுபட்டது தெரிந்தால் தட்டித் திருத்த முடியாது. வினைல் வெட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னொரு படியும் உண்டு. சில எழுத்துருக்களில் எழுத்தின் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். கத்தி அந்த உள்கோடுகளையும் வெட்டிவிடும். கோரல்டிராவில் வெல்ட், மற்றவற்றில் யூனியன் கொடுத்து ஒன்றாக்கிவிட்டு, அவுட்லைன் பார்வையில் ஒரு முறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

## திரையின் நிறத்தை நம்புவது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. பளீரென்ற பச்சையும் மின்னும் நீலமும் தாளில் அப்படி வராது. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டும் வையுங்கள். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். அச்சகத்துக்காரரிடம் எந்த வடிவக் கோப்பு வேண்டும், ஓரம் எவ்வளவு விடவேண்டும் என்பதை வரைவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை அது மாறும்.